எண் அல்ல

காகித ஆலையை மூடிய பிறகு
அந்தக் கட்டடத்துக்குள் வானத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள்.
வட பின்லாந்து, ஜனவரி,
மாலையில் மைனஸ் பத்தொன்பது.
இரவுப் பணியில் ஹெல்லெவி கார்ப்பினென்.
பிளாஸ்கில் காபி,
மேசைக்கு அடியில் கழற்றிவிட்ட பூட்ஸ்.

வானம் சதுரம் சதுரமாக வெட்டப்பட்டிருக்கிறது.
ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோமீட்டர்,
மேலே மேலே அறுபத்தைந்து அடுக்கு.
ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைக் கேட்கும்:
உன் அழுத்தம் என்ன, ஈரம் எவ்வளவு,
காற்று எந்தப் பக்கம் போகிறது?
கேட்டு முடித்ததும் எல்லோரும் ஒன்றாக
எழுபத்தைந்து நொடி மூப்படைவார்கள்.
மறுபடி கேட்பார்கள்.
சந்தைக்கடை இரைச்சல்தான்,
ஆனால் அறைக்குள் கேட்பதென்னவோ
குழாய்களில் தண்ணீர் ஓடும் சத்தம்.
இயந்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு
அந்தத் தண்ணீர் ஊருக்குள் போகிறது,
யார் யார் வீட்டுச் சுவருக்கோ.

நார்வே கடலில் ஒரு மிதவை
மூன்று நாளாக வாய் திறக்கவில்லை.
அது இருந்த ஓட்டையில்
நேற்றைய ஊகத்தை வைத்துத் தைத்தாயிற்று.

இரண்டு பதினேழு. இருநூற்றுப் பதினான்காவது அடி.
மலைமுகட்டுக்கு மேலே ஒரு கட்டத்தில்
காற்று நொடிக்கு ஐம்பது மீட்டர்.
எழுபத்தைந்து நொடியில் அது
பக்கத்து வீட்டைத் தொடாமலே
அடுத்த வீட்டுக்குள் குதித்துவிட்டது.
கணக்குக்கு அது பொறுக்காது.
முதலில் அபத்தமான ஒரு வெப்பம்,
பிறகு ‘எண் அல்ல’.
அக்கம்பக்கத்தார் வழக்கம்போல விசாரித்தார்கள்,
அவர்களும் எண் அல்ல என்றானார்கள்.
ஆறே அடியில் ஸ்வீடனுக்குப் பேச்சில்லை.
ஏழாவதில் எல்லாம் நின்றது.

ஹெல்லெவி திட்டவில்லை. காபியை ஊற்றினாள்.
எழுபத்தைந்தை அழித்து நாற்பது என்று எழுதினாள்:
சின்ன அடியாக வை, தடுக்காது.
ஆனால் பூமி சுற்றுவதற்குள் முடிக்கவேண்டுமே.

இரண்டு நாற்பதுக்குத் தொலைபேசி.
ரெய்னோ மொய்லனென், பனி அகற்றும் வண்டிகளின் பொறுப்பாளர்.
பதினோரு ஓட்டுநர்கள் தூங்குகிறார்கள்.
எழுப்பினால் இரட்டைக் கூலி,
எழுப்பாவிட்டால் பள்ளிப் பேருந்து.
“வந்துவிட்டதா?”
“இன்னும் ஒரு மணி நேரம்.”
“மாலைக் கணிப்பு ஆறு மணி என்றது.”
“ஆமாம், என்றது.”
அதற்குமேல் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றுமில்லை,
ஆனாலும் யாரும் வைக்கவில்லை.

பூட்ஸை மாட்டிக்கொண்டு
சரக்கு வாசல் வழியாக வெளியே போனாள்.
மழைக்குத் தூறல், சாரல், அடைமழை என்று
விதவிதமாகப் பெயர் வைத்த என் மொழி
இதற்குப் பனி என்று சொல்லி நகர்ந்துவிட்டது,
புல்நுனியில் நிற்பதற்கும் அதே பெயர்.
அவள் காலடியில் கிடந்தது வேறு.
கடுங்குளிரில் மிதித்தால் கிறீச்சிடும் அது.
பணிக்கு வரும்போது கிறீச்சிட்டது.
இப்போது மிதித்தாள்.
இன்னொரு முறை, குதிகாலால்.
சத்தம் இல்லை.
மேற்கிலிருந்து மெத்தென்று ஏதோ வந்து
கன்னத்தில் நின்றது.

“நான்கு பேரை எழுப்புங்கள்” என்றாள்.
“கணிப்பா?”
“இல்லை.”
மறுமுனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

ஓட்டம் நான்கு ஐந்துக்கு முடிந்தது.
ஐந்தரைக்குத் தொடங்கும் என்றது வரைபடம்,
அழகான நீல நிறத்தில்.
அவள் அதில் கை வைக்காமல் அனுப்பினாள்.
நான்கு இருபதுக்குச் சன்னலில் முதல் துகள்.

பதிவேட்டில் எழுதினாள்:
கால அடி குறைக்கப்பட்டது. தாமதம் ஐம்பத்தைந்து நிமிடம்.
காரணம்: மலைமுகட்டுக் காற்று.
பனி கிறீச்சிடவில்லை என்று எழுத
அதில் கட்டம் இல்லை.

ஆற்றுப் பாலத்தில் ஒரு மஞ்சள் விளக்கு
சுழன்றுகொண்டே போயிற்று.
ஒன்று. சற்றுப் பின்னால் இன்னொன்று.
மூன்றாவதைக் காணோம்.
காபி ஆறிவிட்டிருந்தது.
ஆறு மணி ஓட்டத்துக்கு மிதவை பேசுமா என்று
திரையைப் பார்த்தபடி
ஒரு பூட்ஸை மட்டும் கழற்றினாள்.